கேள்வி – பதில்: அரியணை வேண்டாம் என்ற அரசகுமாரர்கள்

கேள்வி: என் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். கைப்பேசியில் ஓயாமல் ஒரே மாதிரிக் கதைகளைப் படிக்கிறான். அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்துபோன ஒருவன் இறந்துபோகிறான். கண் விழித்தால் வேறொரு நாட்டில் பட்டத்து இளவரசனாகப் பிறந்திருக்கிறான். போன பிறவி முழுவதும் நினைவிருக்கிறது. இந்தப் பிறவியிலாவது நிம்மதியாக உறங்க வேண்டும் என்று, முடிசூட்டிக்கொள்ளாமல் தப்பிக்க என்னென்னவோ செய்கிறான். இது பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்காதா? நம் தமிழில் இப்படியெல்லாம் எழுதி வைக்கவில்லையே!
— ஒரு தாய், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: எழுதி வைத்திருக்கிறார்கள் அம்மா, அதுவும் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றிலேயே. மணிமேகலையின் 25ஆம் காதையைப் பிரித்துப் பாருங்கள். முற்பிறவி இன்னதென்று தெரியவந்த ஓர் இளம் அரசன் ஆட்சியை உதறிவிட்டுப் போகத் துடிக்கிறான். அவனைப் போகவிடாமல் திருப்பி அனுப்புவதுதான் அந்தக் காதையின் பொருள்.

கதையைச் சற்று விரித்தே சொல்கிறேன். ஆபுத்திரன் என்பவன் பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டு, ஒரு பசு ஏழு நாள் பாலூட்டியதால் பிழைத்தவன். வேள்விக்காகக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போனதற்காக ஊரை விட்டே துரத்தப்பட்டு மதுரைக்கு வந்து சேர்ந்தான். அங்கே வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண்ணில்லாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் எல்லாரையும் கூவி அழைத்து ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தான் தின்று, பிச்சையோட்டையே தலைக்கு வைத்துப் படுத்தான். அவனுக்குத்தான் சிந்தாதேவி, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தாள். இந்திரனுக்கு இது பொறுக்கவில்லை. மழையைக் கொட்டவைத்து நாட்டில் பசியே இல்லாமல் செய்துவிட்டான். பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நின்றவனிடம் சோறு கேட்க ஆளில்லை. அப்போது, சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகிறார்கள் என்று கப்பலில் வந்தவர்கள் சொல்லக் கேட்டு அவன் மரக்கலம் ஏறினான். காற்று மாறி மரக்கலம் மணிபல்லவத் தீவில் தங்கியது. அவன் இறங்கியதைக் கவனியாமல் அது புறப்பட்டும் போய்விட்டது. ஆளில்லாத தீவில் தான் ஒருவனுக்காக மட்டும் அமுதசுரபியை வைத்துக்கொண்டிருக்க மனமின்றி, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறந்தான்.

அடுத்த பிறவி எங்கே தெரியுமா? எந்த நாட்டுக்குச் சோறு கொண்டு போகப் புறப்பட்டு வழியில் இறந்தானோ, அதே சாவக நாட்டில். பிள்ளையில்லாத பூமிசந்திரன் என்னும் அரசன் எடுத்து வளர்க்க, புண்ணியராசன் என்ற பெயரோடு அரியணை ஏறினான். ஆட்சி நன்றாகத்தான் நடந்தது. ஒருநாள் மணிமேகலை அங்கே வருகிறாள். உன் கையில் இருந்த பாத்திரம் இதுதான், மணிபல்லவத்தில் புத்தரின் இருக்கையாக உள்ள பீடிகையைத் தொழுதால் உன் பழம்பிறப்பை அறிவாய் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அதன் பிறகு அவனுக்கு அரண்மனை கசந்துபோகிறது. துறந்து போக நினைக்கிறான்.

முதலில் தடுப்பவன் அமைச்சன் சனமித்திரன். அவன் தத்துவம் பேசுவதில்லை. நீ பிறப்பதற்கு முன் பன்னிரண்டு ஆண்டு இந்த நாட்டில் மழை இல்லை, பெற்றவளே பிள்ளைக்குக் கொடாமல் தான் மட்டும் தின்ற காலம் அது என்று நினைவூட்டுகிறான். அரசன் முழுமையாகக் கேட்கவில்லை. ஒரு மாதம் நாட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு மணிபல்லவத்துக்குக் கப்பல் ஏறுகிறான்.

அங்கேதான் கதை உச்சத்தைத் தொடுகிறது. புன்னை மரத்தடி மணலைத் தோண்டியபோது அவனுடைய சென்ற பிறவி எலும்புகள் கிடைக்கின்றன. பக்கத்தில் வேறு எலும்புகளும் கிடக்கின்றன. அவனைத் தீவில் விட்டுவிட்டோமே என்று பதறித் தேடி வந்து, அவன் இறந்தது கண்டு தாங்களும் உண்ணாமல் மாண்ட ஒன்பது செட்டிகளின் எலும்புகள் அவை. தீவதிலகை என்னும் காவல் தெய்வம் அவனை முகத்துக்கு நேரே கேட்கிறாள்:

‘நின்னுயிர் கொன்றாய், நின்னுயிர்க்கு இரங்கிப்
பின்னாள் வந்த பிறருயிர் கொன்றாய்,
கொலைவன் அல்லையோ கொற்றவன் ஆயினை.’

போன பிறவியில் தான் செய்த தியாகத்தை எண்ணிப் பெருமிதத்தோடு வந்தவனுக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று பாருங்கள். நல்லவன் ஒருவன் கடமை முடிந்துவிட்டது என்று தானாக விலகிக்கொண்டதை, அந்தத் தெய்வம் கொலைக் கணக்கில் எழுதுகிறாள். பிறகு மணிமேகலை அவனைத் தேற்றுகிறாள். ஆள்பவரே அருளறத்தை மேற்கொண்டால் அதைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, தமிழ் மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் அந்த வரிகளைச் சொல்கிறாள்: ‘அறம் எனப்படுவது யாது எனக் கேட்பின், மறவாது இது கேள், மன்னுயிர்க்கு எல்லாம் உண்டியும் உடையும் உறையுளும் அல்லது கண்டது இல்.’ மேடையில் இதைப் பொது அறிவுரையாக முழங்குகிறோம். காப்பியத்திலோ இது ஆட்சியிலிருந்து தப்ப நினைத்த ஒருவனுக்குச் சொன்ன மறுமொழி. அவனும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் உன்னைப் பிரிய மனம் வரவில்லை என்று அவளிடம் ஏங்கவும் செய்கிறான். அவளோ, உன் நாடு உன்னை வாய்விட்டு அழைக்கும், கப்பலேறிப் போ என்று சொல்லிவிட்டு வானில் எழுந்து வஞ்சிக்குப் போய்விடுகிறாள்.

இனி உங்கள் மகனின் சோம்பல். அவன் படிக்கும் கதைகளில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்த வகை. அளவுக்கு மீறிய வேலையால் நேரும் மரணத்தைத் தடுப்பதற்கென்றே 2014இல் சட்டம் இயற்றிய நாடு அது. அங்கே ஒரு கதாநாயகன் அடுத்த பிறவியிலாவது தூங்க வேண்டும் என்று விரும்புவது எனக்குச் சோம்பலாகத் தோன்றவில்லை. படிக்க விடுங்கள். ஒருநாள் அருகில் உட்கார்ந்து, அந்த இளவரசன் ஓடிப்போனால் அந்த நாட்டில் யாருக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நல்ல எழுத்தாளர் எழுதியதாக இருந்தால் கதையே பதில் வைத்திருக்கும்.

கேள்வி: மணிமேகலை சொல்லும் சாவகம் நம் நாடுதானா? புண்ணியராசன் நமக்கு அரசனா?
— ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: சாவகம் என்பதை ஜாவா என்று கொள்வதே பெரும்பான்மை வழக்கு. சுமத்ராவையும் தீபகற்பத்தையும் உட்படுத்தி, இந்தக் கடற்பரப்பு முழுவதற்குமான பொதுப்பெயராகக் கொள்வோரும் உண்டு. அவனுடைய தலைநகராகக் காப்பியம் சொல்வது நாகபுரம்; அதை இன்றைய நிலப்படத்தில் ஊசி குத்திக் காட்ட முயல்வது வீண்வேலை. கதை மாந்தனுக்குக் குடியுரிமை தேடுவதைவிட, இப்படிப்பட்ட ஒரு கதை பிறப்பதற்கான போக்குவரத்து இங்கே இருந்ததா என்று கேட்பது பயன் தரும். அதற்கு உங்கள் செபராங் பிறையிலேயே சான்று கிடைத்திருக்கிறது. 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி அங்கே கண்டெடுத்த கல்வெட்டு, 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. புத்தகுப்தன் என்னும் மாலுமி, தன் கடற்பயணம் நல்லபடி நிறைவேற வேண்டிச் செதுக்கி வைத்தது அது. நடுவில் தூபி ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வடக்கே கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கிலும் பௌத்த, சைவ எச்சங்கள் கிடைத்துள்ளன. மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்தை ஒரு விடுமுறை நாளில் பார்த்து வரலாம். மழை பொய்த்த தீவு நாட்டுக்குச் சோறு சுமந்து போகும் ஒருவனைக் கற்பனை செய்த புலவர், துறைமுகத்தில் அப்படிப்பட்ட மரக்கலங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: இத்தகைய கதைகளில் இளவரசன் தன்னை முட்டாளாகக் காட்டிக்கொள்கிறான். இந்த நடிப்பு உத்தி எங்கிருந்து வந்தது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, இதற்கு மூத்த முன்னோடி, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் சாதகக் கதைகளில் வரும் தேமியன். சாதகத் தொகுப்பில் 538ஆவது கதை அவனுடையது. காசி அரசனின் மகன். ஒரு மாதக் குழந்தையாகத் தந்தையின் மடியில் கிடக்கும்போது, நான்கு திருடர்களுக்குத் தந்தை தண்டனை விதிப்பதைக் கேட்கிறான்: ஒருவனுக்குச் சாட்டையடி, ஒருவனுக்கு விலங்கு, ஒருவனுக்கு ஈட்டிக் குத்து, ஒருவனுக்குக் கழுமரம். கேட்ட மாத்திரத்தில் பழம்பிறவி நினைவு வருகிறது. இதே நகரத்தில் இருபது ஆண்டு அரசாண்டு, அந்த ஆட்சியில் செய்த கொடுமைகளுக்காக எண்பதினாயிரம் ஆண்டு நரகத்தில் வெந்தவன் அவன். மீண்டும் அதே அரியணையா என்று நடுங்கும்போது, வெண்கொற்றக் குடையில் உறையும் தெய்வம், ஒரு பிறவியில் அவனுக்குத் தாயாக இருந்தவள், வழி சொல்லிக் கொடுக்கிறாள்: ஊமையாக, செவிடாக, முடமாக நடி.

பதினாறு ஆண்டு நடிக்கிறான். அரண்மனையும் சும்மா இருக்கவில்லை. பால் கொடாமல் பட்டினி போட்டார்கள், அவன் அழவில்லை. பண்டங்களைப் பரப்பி வைத்தார்கள், கை நீட்டவில்லை. சுற்றிலும் தீ மூட்டினார்கள், யானையை ஏவினார்கள், பாம்பை விட்டார்கள், காதருகே சங்கு ஊதினார்கள். உடம்பு முழுதும் வெல்லப்பாகைத் தடவி ஈ மொய்க்கவிட்டார்கள். கடைசியில் அழகிய பெண்களை அனுப்பினார்கள். அசையவில்லை. இன்றைய கதைகளில் சோம்பேறி இளவரசன் கொட்டாவி விட்டுக்கொண்டு சமாளிப்பதை இதோடு ஒப்பிட்டால், தேமியன் முன்னால் எவனும் நிற்க முடியாது.

பலனில்லை என்று முடிவு செய்து, அவனை மயானத்தில் புதைத்துவிட்டு வரும்படி தேர்ப்பாகன் சுனந்தனை அனுப்புகிறார்கள். பாகன் குழி வெட்டிக்கொண்டிருக்கும்போது தேமியன் எழுந்து நின்று, கைகால்களை நீவிவிட்டு, உடம்பில் வலு இருக்கிறதா என்று சோதிக்கத் தேரை ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறான். தாய்லாந்துக் கோயில் ஓவியங்களில் தேமியனை அடையாளம் காட்டுவது இந்தக் காட்சிதான். தேரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் இளைஞனைக் கண்டால் அவனே என்று கொள்ளலாம். அதன் பின் அவன் துறவியாகிறான். தந்தை, தாய், நகர மக்கள் எல்லாரும் அவனைப் பின்பற்றிக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். பொன் நிறைந்த குடங்கள் திறந்து கிடக்க, நகரமே காலியாகிறது.

கதை சிறந்தது, ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஊர் முழுவதும் துறவியாகிவிட்டால் ஆளும் சிக்கலும் ஆளப்படும் சிக்கலும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். கதாசிரியருக்கு அது வசதியான முடிவு. மணிமேகலையின் புலவர் அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை.

பாகவதத்தில் வரும் ஜடபரதரையும் சொல்ல வேண்டும். பரதன் என்ற பேரரசன் நாட்டைத் துறந்து காட்டுக்குப் போகிறான். அங்கே தாயை இழந்த ஒரு மான்குட்டியை வளர்த்து, சாகும்போது அதையே நினைத்து, மறுபிறவியில் மானாகிறான். அடுத்த பிறவியில் அந்தணர் வீட்டில் பிறந்து, பழைய நினைவு தெளிவாக இருப்பதால், மீண்டும் பற்று வைத்துவிடுவோமோ என்று அஞ்சி மந்தபுத்திக்காரனாக நடிக்கிறான். ரகூகண மன்னனின் பல்லக்குச் சுமக்க அவனைப் பிடித்துப் போகிறார்கள். எறும்பை மிதிக்காமல் அடியெடுத்து வைத்ததில் பல்லக்குக் குலுங்குகிறது, மன்னன் ஏசுகிறான். ஒருகாலத்தில் பேரரசனாக இருந்தவன் பல்லக்குத் தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு அப்போதுதான் வாய் திறக்கிறான். முட்டாள் என்று எண்ணிய ஆளிடமிருந்து ஞானம் வெளிப்படும் இந்தத் திருப்பத்தை இன்றைய கைப்பேசிக் கதைகளும் விடாமல் பயன்படுத்துகின்றன.

கேள்வி: பௌத்தக் கதையும் புராணமும் இருக்கட்டும். நம் மூவேந்தர்கள் ஆட்சியைச் சுமை என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீரத் தமிழ் மன்னனுக்கு இந்த அழுகை எதற்கு?
— ஒரு வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: சொல்லியிருக்கிறார்கள். இமயத்தில் கல்லெடுத்தான் என்று நாம் கொண்டாடும் சேரன் செங்குட்டுவனே சொல்கிறான். பாண்டியன் நெடுஞ்செழியன் தவறான தீர்ப்பால் உயிர்விட்ட செய்தியைக் கேட்டதும், மழை பொய்த்தால் அச்சம், உயிர்கள் துன்புற்றால் அச்சம் என்று அடுக்கிவிட்டு, ‘மன்பதை காக்கும் நன்குடிப் பிறத்தல் துன்பம் அல்லது தொழுதகவு இல்’ என்று முடிக்கிறான். அரச குடும்பத்தில் பிறப்பது துன்பமே அன்றிப் போற்றத்தக்கது எதுவும் இல்லை என்று, அரியணையில் இருந்துகொண்டே சொல்லும் பேச்சு இது. சிலப்பதிகாரம் காட்டும் அவன் தம்பியோ, அரியணைக்குரிய இலக்கணம் உனக்கே உண்டு என்று நிமித்திகன் சொன்னபோது அவனைச் சினந்து நோக்கி, அண்ணனின் மனவருத்தம் நீங்கத் துறவு பூண்டான். அந்தத் தம்பி இளங்கோ. ஒரே வீட்டில் ஒருவன் விட்டுப் போகிறான், ஒருவன் முனகிக்கொண்டே சுமக்கிறான்.

புறநானூற்றின் 75ஆம் பாட்டையும் படித்துப் பாருங்கள். பாடியவன் சோழன் நலங்கிள்ளி. அரசனே பாடிய பாட்டு. முன்னோரைக் கூற்றுவன் கொண்டுபோனதால், ‘பால்தர வந்த பழவிறல் தாயம்’ தனக்கு வந்து சேர்ந்தது என்று மகிழ்ந்து, குடிகளிடம் வரி கேட்டு நிற்கும் சிறியவனுக்கு ஆட்சி பெருஞ்சுமை என்கிறான். தகுதியுள்ளவன் கையில் அதுவே, வெயிலில் காய்ந்த நெட்டித் தக்கையைப் போல எடையற்றதாகிவிடுமாம். சுமை என்பதை அவன் மறுக்கவில்லை. தூக்குகிறவனைப் பொறுத்தது என்கிறான்.

கேள்வி: சுல்தானே இல்லாத மாநிலத்தில் வாழும் நாங்கள் அரசகுமாரர்களைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?
— ஒரு வாசகி, ஜார்ஜ் டவுன்

பதில்: பினாங்கில் சுல்தான் இல்லை, ஆளுநர்தான். ஆனால் நாட்டுக்கு மாமன்னர் உண்டு. ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேட்கப்பட்டவர் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது; 1957இல் மூத்தவரான ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் முதுமையைக் காரணமாகச் சொல்லி மறுத்தார். நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான் முதல் மாமன்னரானார். மறுப்பதற்கு முறையான வாயில் இருக்கும்போது ஊமை வேடம் போடத் தேவையில்லை.

கேள்வி: மறுபிறவி எடுத்த வாரிசு, ஆட்சி வேண்டாம் என்றது கதையில் அல்லாமல் வரலாற்றில் உண்டா?
— ஒரு வாசகர், ஜாலான் ஈப்போ, கோலாலம்பூர்

பதில்: மறுபிறவியை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் மறுபிறவி என்று ஏற்கப்பட்டதனாலேயே அரசுரிமை பெற்றவர்கள் திபெத்தில் இருந்தார்கள். தலாய் லாமா இறந்தால் அவருடைய மறுபிறவி என்று ஒரு குழந்தையைத் தேடிக் கண்டெடுப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் தலாய் லாமா காலம் தொடங்கி அந்தப் பதவியோடு நாட்டின் ஆட்சியும் சேர்ந்துகொண்டது.

அந்த ஐந்தாமவர் 1682இல் இறந்தார். அவருடைய ஆட்சிப் பொறுப்பாளர் அந்த மரணத்தைப் பதினைந்து ஆண்டு வெளியே தெரியாமல் மறைத்தார். இதற்கிடையே 1683இல் பிறந்த ஒரு பிள்ளையை மறுபிறவி என்று கண்டு, மறைவாக வளர்த்து, 1697இல் பீடத்தில் அமர்த்தினார்கள். ஆறாம் தலாய் லாமாவான சாங்யாங் கியாட்சோ அவர். இளைஞருக்குத் துறவில் நாட்டமில்லை. 1702இல், முழுத் துறவு ஏற்க வேண்டிய வயதில், முன்பு ஏற்றிருந்த இளந்துறவி நோன்புகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். முடி வளர்த்துக்கொண்டு இல்லறத்தார் உடையில் திரிந்தார். அவர் பெயரில் வழங்கும் காதற்பாடல்களை இன்றும் திபெத்தியர்கள் பாடுகிறார்கள். ஆனால் பீடம் அவரை விடவில்லை. மங்கோலியத் தலைவன் லாசாங் கான் 1706இல் அவரைப் பிடித்துச் சீனாவுக்கு அனுப்ப, வழியிலேயே இறந்தார். வயது இருபத்து மூன்றுதான். துறவைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. மறுபிறவி என்ற முத்திரையை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

இப்போதுள்ள பதினான்காமவரின் கதை வேறு. 1935இல் பிறந்தவர், 1950 நவம்பரில், பதினைந்து வயதில், சீனப் படை நாட்டுக்குள் நுழைந்திருந்த நேரத்தில் முழு ஆட்சிப் பொறுப்பும் தலையில் விழுந்தது. 1959இல் இந்தியாவுக்கு வந்தார். 2011இல் தம் அரசியல் அதிகாரம் முழுவதையும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரிடம் ஒப்படைத்தார். ஆட்சியிலிருந்து விலக விரும்பும் வாரிசுகளில் இவர் வழி எனக்கு மிகவும் பிடித்தது. தாம் ஓடிப்போகவில்லை; பொறுப்பை ஏற்க வேறு ஓர் ஏற்பாட்டைக் கட்டி முடித்துவிட்டு விலகினார்.

கேள்வி: சிறுகதைப் போட்டிக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். செந்தூலில் உணவு விநியோகம் செய்யும் மோட்டார்சைக்கிள் ஓட்டுநர் ஒருவன் விபத்தில் இறந்து, சோழ இளவரசனாகப் பிறக்கிறான். ஆட்சி வேண்டாம் என்று கடைசியில் தப்பிவிடுகிறான். நண்பர்கள் முடிவு சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— இளம் எழுத்தாளர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தம்பி, உங்களுக்கான கரு சோழ வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டாம் பராந்தகனாகிய சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான். கொன்றவர்களின் சொத்துகளைப் பறித்தது பற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. சுந்தர சோழன் இறந்ததும், அடுத்தவனான அருண்மொழியை ஆளும்படி குடிகள் கேட்டார்கள் என்றும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்பும் வரை தான் அதை மனத்தாலும் விரும்ப மாட்டேன் என்று அவன் இருந்துவிட்டான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. அவன் உடலில் இருந்த அடையாளங்களைக் கண்டு, திருமாலே இவனாக வந்து பிறந்திருக்கிறார் என்று உணர்ந்த சிற்றப்பன் உத்தம சோழன், அவனை இளவரசனாக்கிவிட்டு நாட்டின் சுமையைத் தான் தாங்கினானாம். தெய்வப் பிறவி என்று கருதப்பட்ட வாரிசு, வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கிறான். உங்கள் கதை அரசவை மெய்க்கீர்த்தி நடையில் செப்பேட்டிலேயே இருக்கிறது. அந்த அருண்மொழிதான் 985இல் முடிசூடிய முதலாம் இராசராசன்.

செப்பேடு அவனைப் பெருந்தன்மையாளனாகக் காட்டத்தான் செய்யும். எழுதியவர்கள் அவன் மகன் இராசேந்திரனின் அவைக்காரர்கள். அண்ணனைக் கொன்றவர்கள் வெளியே உலவும்போது பட்டத்தை ஏற்றால் தலை மிஞ்சுமா என்ற அச்சமும் அந்த இளைஞனுக்கு இருந்திருக்கலாம் அல்லவா? செப்பேடு சொல்லாத இந்த இடத்தில்தான் கதை எழுதுபவருக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஓட்டுநர் அருண்மொழியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவன் விலகினால் வெற்றிடத்தில் யார் வந்து உட்காருவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு சப்பென்று இருப்பதற்குக் காரணம், அவன் போனதால் ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை என்பதுதான்.

மகாபாரதத்தின் பீஷ்மரைப் பாருங்கள். எட்டு வசுக்களில் ஒருவராக இருந்து, வசிட்டரின் பசுவைத் திருடிய சாபத்தால் கங்கையின் மகனாகப் பிறந்தவர், முறைப்படி பட்டத்துக்குரியவர். தந்தை சத்தியவதியை மணக்க வேண்டும் என்பதற்காகப் பட்டத்தை விட்டார், மணவாழ்வையும் விட்டார். தப்பினாரா? தம்பிமாருக்காக நாட்டைப் பார்த்துக்கொண்டார். தம்பி வாரிசின்றி இறந்தபோது நீயே ஆள் என்று சத்தியவதி கெஞ்சியும் மறுத்தார். ஆனால் அத்தினாபுரத்தின் கவலைகள் கடைசி வரை அவர் தோளில்தான் இருந்தன. ஒருநாளும் முடிசூடாத அந்த மனிதர் அம்புப் படுக்கையில் கிடந்தபடி தருமபுத்திரருக்குச் சொன்ன அரசநெறிப் பாடம், மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பெரியதொரு பகுதியை நிரப்புகிறது. பட்டத்தை விட்டவனை வேலை தேடி வந்து பிடித்துக்கொள்ளும் வேடிக்கையை நீங்கள் நகைச்சுவையாகவும் எழுதலாம், துயரமாகவும் எழுதலாம்.

இன்னொன்று. உங்கள் நாயகன் முற்பிறவியில் கொளுத்தும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் ஊராருக்கெல்லாம் சோற்றுப் பொட்டலம் சுமந்தவன். அந்த நினைவு சோழ அரண்மனையில் அவனுக்கு ஒருமுறைகூட வரவில்லையே, ஏன்? பஞ்ச காலத்தில் நெற்களஞ்சியத்துக்குப் பூட்டுப் போட்டிருப்பதைப் பார்த்தால் மற்ற இளவரசர்களுக்குத் தோன்றாத ஒன்று அவனுக்குத் தோன்ற வேண்டாமா? எந்தச் சந்துக்குள் எந்த வழியாகச் சோறு விரைவாகப் போகும் என்று கணக்குப் போடும் பழக்கம் அவன் கையில் ஊறியிருக்குமே! முற்பிறவியை முதல் பக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டீர்கள்; அதை எடுத்து மீண்டும் மாட்டுங்கள். அதன் பிறகும் அவன் ஓடத்தான் செய்வான் என்றால் ஓடட்டும்; அப்போது அந்த ஓட்டத்துக்கு வலி இருக்கும்.

கேள்வி: மணிமேகலையை முழுவதும் படிக்கப் பொறுமை இல்லை. ஆபுத்திரன் கதையை மட்டும் படிக்க வழி உண்டா?
— கல்லூரி மாணவி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உண்டு. மொத்தம் 30 காதைகளில் 13, 14, 15, 24, 25 ஆகிய ஐந்தை இந்த வரிசையிலேயே படித்தால் ஆபுத்திரனின் இரண்டு பிறவிகளும் முழுக்கதையாகக் கிடைத்துவிடும். உ.வே.சாமிநாதையர் 1898இல் அச்சிட்ட மூலம் இப்போது இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. முதல்முறை படிப்பவருக்கு மூலம் மட்டும் போதாது. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 25ஆம் காதையில் இடையே பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தி வரும். காணாமற்போன மகனைத் தேடி அலைந்த சோழன் இந்திர விழாவை மறந்ததால் நேர்ந்த கேடு என்று தீவதிலகை சொல்வாள். அவசரத்தில் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம். புண்ணியராசன் மணலைத் தோண்டிக்கொண்டிருக்கும் அதே தீவில், அதே பொழுதில் அது சொல்லப்படுகிறது.